புருவங்களை வாங்கி வைத்திருந்தவர்

ஊழியர் அட்டைக்காக அவரை ஐந்து முறை படம் எடுத்தேன். ஐந்திலும் அவர் இல்லை.

மிகைப்படுத்திச் சொல்வது என் வழக்கம் அல்ல. நான் படித்தது மருத்துவக் கருவிகள் பிரிவில் டிப்ளமோ. தொண்ணூறுகளின் நடுவில், கோயம்புத்தூரில், முகத்துக்கும் கைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரி செய்கிற ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் டெக்னீஷியனாக இருந்தேன். கணபதியில் என் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம். எனக்கு மூன்று வேலைகள். ஒன்று, ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் கருவிகள் ஓடுகின்றனவா என்று காலை ஏழு மணிக்குப் பார்ப்பது. இரண்டு, ஓடாததைக் கழற்றிச் சரிசெய்வது. மூன்று, நோயாளிகளை ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் படம் எடுப்பது. மூன்றாவது, கேமரா பிடிக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை என்பதால் என்னிடம் வந்தது.

அவர் அங்கே மூத்த நர்ஸ். டாக்டர் ‘சிஸ்டர்’ என்பார், நாங்கள் ‘அக்கா’ என்போம். ஐம்பதை ஒட்டிய வயது. கறுப்பு, ஒல்லி, உயரம். பவானிப் பக்கத்துக்காரர். இத்தனையும் என் நினைவில் திட்டமாக இருக்கிறது. முகம் மட்டும் இல்லை. ஞாபகசக்திக் குறைவு என்று சொல்ல முடியாது. மற்றவர்கள் முகம் எல்லாம் இருக்கிறது. அவற்றில் பலவற்றை நான் பார்த்ததே அவரிடம்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். நோயாளிகளிடம் ஆபரேஷனுக்கு முன் பேசுகிற அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இரண்டு பெண்கள் முக்காலி போட்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பாங்கில் வேலை பார்க்கும் அம்மா. இறங்கிப்போன புருவத்தைத் தூக்கிக்கொள்ள வந்தவர். இன்னொருவர் அக்கா. அந்த அம்மா சிவப்பு, பருமன். அக்கா அதற்கு நேர் எதிர். இருந்தாலும் ஒரே ஆள் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. அக்காவின் புருவங்கள் அந்த அம்மாவின் புருவங்களைப் போலவே வெளி ஓரத்தில் கீழே வழிந்திருந்தன. இடது புருவம் வலதைவிட ஒரு நூல் கீழே. அழுது முடித்து ஒரு மணி நேரம் ஆனவர்போல ஒரு பார்வை.

“நல்லாப் பாத்துக்குங்க அம்மணி” என்றார் அக்கா. குரல் மட்டும் அவருடையது. “இதுதானுங்க நீங்க. கண்ணாடில பாக்கறது நீங்க இல்லீங்க, அதுல வலதும் எடதும் மாறிப்போயிருமுங்க. உங்க ஊட்டுக்காரரு தெனமும் பாக்கறது இதத்தான். ஆப்பரேசன் ஆச்சுன்னா இது போயிருமுங்க. போனாப் பரவால்லீங்களா?”

அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சின்னக் குரலில், “இது எங்கம்மாங்க சிஸ்டர்” என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்ப வரவில்லை.

சாயங்காலம் டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். “மாசத்துக்கு ஒரு கேஸ வெரட்டி விட்டுர்றீங்க சிஸ்டர்.”

“நா எங்கீங்க சார் வெரட்டுனேன். அவங்கம்மா வந்தாங்க, கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு வேறு பேச்சுக்குப் போனார். அக்காவுடன் பேசும்போது அவருக்கு அடிக்கடி அப்படி ஆகும்.

அப்போது நோயாளிகளுக்குக் கொடுக்க எழுத்தில் எதுவும் இல்லை. நான் ஒரு பட்டியல் தயாரித்து டைப் அடித்தேன். புருவம் தூக்கும் ஆபரேஷனுக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை, மொத்தம் பன்னிரண்டு. தலைவலிக்குப் போடும் ஆஸ்பிரின் மாத்திரையை இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் நிற்காது. பிரஷர் இருந்தால் மறைக்கக் கூடாது. வெட்டு, முடிக்குள்ளே ஒரு காதிலிருந்து மறு காதுவரை போகும். அந்தக் கோட்டில் முடி கொஞ்சம் கொட்டலாம். முன் நெற்றி ஒரு விரல் அளவு ஏறலாம். வீக்கமும் கன்றிப்போன நீலமும் மூன்றாம் நாள் கண்ணுக்கு இறங்கும், பயப்பட வேண்டாம். முதல் சில நாட்கள் கண் முழுதாக மூடாது, சொட்டு மருந்து விட வேண்டும். உச்சந்தலை பல மாதம் மரத்திருக்கும், உணர்ச்சி திரும்பும்போது அரிக்கும். அரிதாக ஒரு பக்கப் புருவத்தின் நரம்பு ஓய்ந்துவிடலாம். இமையில் தொங்கும் தோலுக்கு இது வைத்தியம் இல்லை, அது வேறு ஆபரேஷன். முகம் படிந்து நிலைக்கு வரச் சில மாதங்கள் ஆகும். கடைசியாக, கல்யாணம் காட்சி பக்கத்தில் இருந்தால் தள்ளிப் போடவும்.

அக்கா கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார்.

“நல்லா இருக்குதுங்க அம்மணி. பழனிக்கு மொட்டை நேந்திருந்தா மொதல்ல முடிச்சுப்போட்டு வரச் சொல்லுங்க. அப்பறமா அடிச்சா, தலைல ரோடு போட்டாப்பல தழும்பு தெரியும். மரத்த மண்டைல ஹேர்பின் குத்துனாலுந் தெரியாது, சுடுதண்ணி வெந்தாலுந் தெரியாது, அதையுஞ் சேத்துப்போடுங்க.”

சேர்த்தேன்.

“இன்னும் ஒண்ணு உட்டுப்போச்சுங்க.”

“என்னக்கா?”

“இந்தப் புருவத்த வெச்சு இவங்க என்ன வேல செஞ்சுட்டிருக்காங்கன்னு கேக்கலீங்களே.”

“புருவத்துக்கு என்னக்கா வேலை? வேர்வை கண்ணுல எறங்காமத் தடுக்கும்.”

“புஸ்தகத்துல அவ்வளவுதான் எழுதீருக்குதாக்கு” என்றார். “பாவம்.”

என் படங்களிலும் ஒரு தப்பு இருந்தது. முதல் மாதம் நான் எடுத்த படங்களைப் பார்த்து, “இவங்களுக்கெல்லாம் எதுக்கு ஆபரேஷன், புருவம் இருக்கவேண்டிய எடத்துலதானே இருக்கு” என்றார் டாக்டர். விளக்கு வைத்ததில் தப்பா, லென்ஸில் தப்பா என்று இரண்டு நாள் சோதித்தேன். அக்கா வந்து ஒரு நிமிடம் வேடிக்கை பார்த்தார். நான் ஒரு பாட்டியம்மாவை, “ஏனுங்க, இங்க பாருங்க” என்று கூப்பிட்டேன்.

“கூப்புடாதீங்க அம்மணி” என்றார் அக்கா. “கூப்புட்டா மரியாதைக்கு எந்திரிச்சுக்கும்.”

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மரியாதை நெற்றியில்தான் தொடங்குகிறது. கூப்பிட்டால், வாய் ‘என்னங்க’ என்று சொல்வதற்கு முன்பே புருவம் மேலே ஏறிவிடும். ஒரு மாதமாக நான் புருவங்களைப் படம் எடுக்கவில்லை, மரியாதையைப் படம் எடுத்திருக்கிறேன். அக்கா அந்தப் பாட்டியம்மாவின் நெற்றியில் கட்டைவிரலை வைத்தார். “கண்ண மூடிக்குங்க. மெதுவாத் தொறங்க” என்று சொல்லிவிட்டு விரலை எடுத்தார். புருவம் தன் சொந்த இடத்துக்கு வந்து நின்றது. அன்றிலிருந்து நானும் அப்படித்தான் எடுத்தேன்.

ஒரு மத்தியானம் துணிகளையும் கத்தி கத்தரிகளையும் வேகவைக்கும் ஸ்டெரிலைசர் அறைக்குப் போனேன். அக்கா தனியாக உட்கார்ந்து, காயத்துக்கு வைக்கும் காஸ் துணி மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அவர் முகத்தில் வேறு ஒருவர் இருந்தார். எனக்குத் தெரிந்தவர். திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் வீட்டு அம்மா. போன மாதம் ஆபரேஷன் ஆகி, புருவம் ஏறி, சந்தோஷமாக வீட்டுக்குப் போனவர். அந்தப் பழைய பார்வை இப்போது உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை. என் நெகட்டிவில் இருக்கிறது. இங்கே, துணி மடித்துக்கொண்டிருக்கிறது.

“அக்கா” என்றேன்.

முகம் மாறவில்லை. “வாங்க கண்ணு.”

“அது திருப்பூர் அம்மா.”

“ஆமாங்க. போக எடமில்லாமச் சுத்திட்டிருக்காங்க. கொஞ்ச நாள் இருந்துட்டுப் போவாங்க.”

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் என்றால், நான் வந்த வேலையைச் சொல்லி ஒரு டிரேயை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். 

ஊழியர் அட்டைக்குப் படம் எடுத்தது அதற்கு அடுத்த வாரம். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே முறைதான். நெற்றியில் கட்டைவிரல் வைத்து, கண்ணை மூடச் சொல்லி, மெதுவாகத் திறக்கச் சொல்லி, விரலை எடுத்ததும் படம். ஐந்து முறை. கழுவி வந்த தாளில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முதலாவதில் திருப்பூர் அம்மா. இரண்டாவதில் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர், ஆண். மூன்றும் நான்கும் எனக்குத் தெரியாதவர்கள், நான் சேர்வதற்கு முன்பு வந்தவர்களாக இருக்கும். ஐந்தாவதில், எதிரே கேமராவுடன் நின்ற நான். கவனமாக ஏதோ எண்ணிக்கொண்டிருக்கும் என் நெற்றியின் மெல்லிய கோடு. அது எனக்கு இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

“எம் மூஞ்சி மட்டும் எனக்கு வராதுங்க அம்மணி” என்றார் அக்கா. “எங்க போச்சோ.” ஒரு குடையைத் தொலைத்தவர் சொல்வதுபோல.

பல்லடத்தம்மா வந்தது அந்த வருடத்து மழைக்காலத்தில். என் நோட்டில் அவருக்கு வைத்திருந்த பெயர் அதுதான். நாற்பது வயது. பல்லடத்தில் சொந்தமாக இருபத்துநான்கு விசைத்தறி. கணவர் நூல் வாங்க, துணி விற்க என்று வெளியே அலைய, தறி ஓடும் குடோனை இந்த அம்மாதான் பார்த்துக்கொண்டார். தறிக்காரர்கள் எல்லோரையும்போல் எங்கே இருந்தாலும் உரக்கப் பேசுவார். நெற்றியின் நடுவில், இரண்டு புருவத்துக்கும் இடையில், ஆணி வைத்துக் கீறினதுபோல் இரண்டு ஆழமான கோடுகள். புருவங்கள் அந்தக் கோடுகளை நோக்கி உள்ளே இழுத்து இறங்கியிருந்தன. சும்மா உட்கார்ந்திருந்தாலே யாரையோ முறைப்பதுபோல் இருக்கும்.

கூட ஒரு பெண் குழந்தை. எட்டு வயது. பிறவியிலேயே காது கேட்காது. அறையின் மறுகோடியில் சுவரைத் தடவிக்கொண்டு நின்றது. அம்மாவிடமிருந்து எத்தனை தூரம் இருக்க முடியுமோ அத்தனை தூரம்.

“எனக்கு இந்த மொறப்பு போகோணுங்க சிஸ்டர்” என்றார் பல்லடத்தம்மா. “வேற ஒண்ணும் வேண்டாம். அழகெல்லாம் எனக்கெதுக்குங்க.”

“யாராச்சு சொன்னாங்களா?” என்றார் அக்கா.

“சொல்றதுக்கா ஆளில்ல? எழவு ஊட்டுல மட்டுந்தான் உம் மூஞ்சி பொருத்தமா இருக்குதுன்னு எங்க நாத்தனா சொல்றா. அவ கெடக்கறா. இந்தப் புள்ளைக்காகத்தானுங்க.”

அக்கா முக்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“குடோனுக்குள்ள தறிச் சத்தத்துல யாரு பேசறதும் யாருக்குங் கேக்காதுங்க. எங்க குடோன்ல எல்லாருமே செவிடுதான். அதனால இவ மத்த எடத்தவிட அங்கதான் நல்லா இருக்கறா. எல்லாம் மூஞ்சிலதானுங்க பேச்சு. நா மொறச்சா நில்லுன்னு அர்த்தம். தறிக்காரனுக்கும் அதேதான், இவளுக்கும் அதேதான். நடந்து பழகறப்பவே அதப் பழக்கிப்போட்டேன். நாடா ஓடற தறிகிட்ட கை போனா, நா ஒரு மொற மொறச்சாப் போதும், கை அப்படியே நின்னுரும். ஒரு கீறல் பட்டதில்லீங்க இன்னிவரைக்கும்.”

“நல்லதுதானுங்களே.”

“எங்கீங்க நல்லது? பதனஞ்சு வருசமா மொறச்சு மொறச்சு, இப்ப வெளிய வந்தாலும் எறங்க மாட்டீங்குது. சாப்பிடறப்பவும் இதே மூஞ்சி. தூங்கறப்பவும் இதேதானுன்னு எங்கூட்டுக்காரரு சொல்றாரு. இவளுக்கு அது என்னன்னு தெரியுங்களா? எப்பப் பாத்தாலும் அம்மா நில்லு நில்லுன்னே சொல்லீட்டிருக்கறா. மடிக்கு வாடான்னு கைய நீட்டுவனுங்க. கையப் பாக்க மாட்டா, மூஞ்சியப் பாப்பா. அங்கயே நின்னுக்குவா.” குரல் உயர்ந்தே இருந்தது, ஆனால் உள்ளே உடைந்தது. “மூணு வயசுக்கப்பறம் எம்மடில உக்காந்ததில்லீங்க.”

என் பட்டியலில் இல்லாத கேள்விக்கு இது பதில் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அக்காவுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

குழந்தை அந்த நேரம் ஜன்னலோரம் போயிருந்தது. உடைந்த கண்ணாடியின் முனை ஒன்று சட்டத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. ஆர்வமாக விரலை நீட்டியது. பல்லடத்தம்மாவின் முதுகு அந்தப் பக்கம் இருந்தது. அக்கா முக்காலியில் இருந்தபடி, முகத்தை மட்டும் இறக்கினார். இரண்டு கோடுகள் அவர் நெற்றியில் விழுந்தன. புருவங்கள் உள்ளே இழுத்து இறங்கின.

குழந்தை எப்படித் திரும்பியது என்று எனக்குத் தெரியாது. சத்தம் எதுவும் இல்லை, இருந்தாலும் அதற்குக் கேட்காது. திரும்பியது. பார்த்தது. கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

பிறகு அது தன் அம்மாவின் முதுகைப் பார்த்தது. மறுபடி அக்காவைப் பார்த்தது. மெதுவாக நடந்து வந்து, ஐந்து வருடமாக யார் முகத்துக்கு அருகில் போகவில்லையோ அந்த முகத்துக்கு மிக அருகில் வந்து, அக்காவின் நெற்றிக்கோட்டில் விரல் வைத்தது.

“இது போயிருமுங்க அம்மணி” என்றார் அக்கா, பல்லடத்தம்மாவிடம், பல்லடத்தம்மாவின் முகத்தோடு. “மடிக்கு வருவா. ஆனா நில்லுன்னு சொல்ல உங்ககிட்ட ஒண்ணும் இருக்காது.”

பல்லடத்தம்மா எழுந்து டாக்டரிடம் போனார்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். முறைக்கும் தசையை எடுக்காமல் புருவத்தை மட்டும் ஏற்றலாம், பாதி பலன் கிடைக்கும் என்றார். “அதுதானுங்க எடுக்கோணும், அத உட்டுப்போட்டு என்னத்த எடுக்கறது?” என்றார் அந்த அம்மா. முடிவை அக்காதான் சொன்னார். ஆறு வாரம் தள்ளிப் போட வேண்டும். அதற்குள் கையால் ஒரு ‘நில்’ பழக்க வேண்டும், கையை நேரே தூக்கி உள்ளங்கையைக் காட்டுவது. சனிக்கிழமை தோறும் குழந்தையைக் கூட்டி வர வேண்டும்.

“கை சரிங்க” என்றார் என்னிடம் தனியாக. “ஆனா புருவம் கையவிட வேகமுங்க.”

ஆறு சனிக்கிழமைகள் வந்தார்கள். வராந்தாவில் பல்லடத்தம்மா கையைத் தூக்கித் தூக்கிப் பழகுவார். நான் குழந்தையாக நடிப்பேன், அவர் கை தூக்கினால் நிற்பேன். “டெக்னீசியன் புள்ள எங்க புள்ளயவிடச் சொன்னதக் கேக்குது” என்று சிரிப்பார். அந்த நேரம் உள்ளே அக்காவும் குழந்தையும் எதிரெதிரே முக்காலியில் இருப்பார்கள். அக்கா குழந்தைக்கு அந்தக் கை அடையாளத்தைச் சொல்லிக்கொடுக்கிறார் என்று நினைத்தேன். மூன்றாவது சனிக்கிழமை கதவிடுக்கில் பார்த்தேன். யாருடைய கையும் அசையவில்லை. நான்கு கைகளும் மடியில் இருந்தன. இரண்டு நெற்றிகள் மட்டும், ஒன்று மாற்றி ஒன்று, மெதுவாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அன்று ரத்தம் உறிஞ்சும் சக்ஷன் மோட்டார் ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தேன்.

ஆபரேஷன் ஒழுங்காக நடந்தது. ரத்தக்குழாய்களைச் சுட்டு மூடும் கருவியை நான்தான் பார்த்துக்கொண்டேன். டாக்டர் எடுத்து டிரேயில் வைத்த தசை இரண்டு துண்டுகள், ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. பதினைந்து வருட முறைப்பு அவ்வளவுதான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, படம் எடுக்க வரச் சொல்லியிருந்த நாளில் வந்தார்கள். பல்லடத்தம்மாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நெற்றி கழுவிவிட்ட பலகைபோல் இருந்தது. புருவங்கள் லேசாக வளைந்து, யாரோ நல்ல சேதி கொண்டு வந்ததைக் கேட்கத் தயாராக இருப்பவர்போல.

“மடிக்கு வாராளுங்களா?” என்றேன்.

“கிட்ட வாராளுங்க. பக்கத்துல நின்னு மூஞ்சியப் பாத்துட்டே இருக்கறா. ஏறல இன்னும். புது ஆளாட்டத் தெரியுது போல.”

செய்ய வேண்டியவை என்று நான் எழுதி வைத்திருந்தவை: நேர் படம், இரண்டு முக்கால் பக்கம், இரண்டு பக்கவாட்டு, கண் மூடி ஒன்று, முடியை விலக்கித் தழும்பு ஒன்று. எழுதி வைக்காமல் விட்டது ஒன்று உண்டு. காலையில் பழுது பார்க்க ஃபிளாஷ் யூனிட் ஒன்றின் மூடியைக் கழற்றி ஓரத்து மேசையில் வைத்திருந்தேன். உள்ளே இருக்கும் கெபாசிட்டர், ஸ்விட்சை அணைத்த பின்னும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் நகர வேண்டும், நான் மறந்திருந்தேன். முதல் செமஸ்டரில் சொல்லிக்கொடுத்த விஷயம். பெரிய ஆளையே தூக்கி எறியும். ஒரு குழந்தைக்கு அது போதும்.

தழும்புப் படம் கடைசி. பல்லடத்தம்மாவை இரண்டு கையாலும் உச்சி முடியைப் பிரித்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். “கண்ண மூடிக்குங்க. அசையாதீங்க.” அவர் சொன்னது கேட்கிற நோயாளி. அசையவில்லை.

வ்யூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுத்தபோது குழந்தை அந்த மேசை அருகில் இருந்தது. விரல் திறந்த பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது.

நான் கத்தினேன். கத்திய பிறகுதான் யாரிடம் கத்துகிறேன் என்பது உறைத்தது.

பல்லடத்தம்மா கண்ணைத் திறந்தார். பார்த்தார். அந்த ஒரு கணத்தில் அவர் என்ன செய்தார் என்பதை நான் முழுதாகப் பார்த்தேன். கையை மறந்துபோனார். முறைத்தார். பதினைந்து வருடம் செய்ததையே செய்தார். வாய் இறுகியது, கழுத்து நரம்பு புடைத்தது, கண் தெறித்தது. நெற்றியில் மட்டும் எதுவும் நடக்கவில்லை. அது வழவழப்பாக, அழகாக, நல்ல சேதிக்குக் காத்திருந்தது. கை அதற்குப் பிறகுதான் முடியை விட்டுக் கிளம்பியது.

குழந்தை எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. அம்மாவின் நெற்றியைப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை என்பதைப் படித்தது. பிறகு அந்த எட்டு வயது நெற்றியில், இரண்டு புருவத்துக்கும் நடுவில், இரண்டு கோடுகள் விழுந்தன. புருவங்கள் உள்ளே இழுத்து இறங்கின. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, இருபத்துநான்கு தறிகளுக்குக் குறுக்கே பார்க்கும் பார்வை. அது தனக்குத்தானே ‘நில்’ என்றது. கை நின்றது. பின்னால் வந்தது.

அந்த முகத்தை எனக்குத் தெரியும். என் அலமாரியில், ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஆறு நெகட்டிவ் அதற்கு இருக்கின்றன.

குழந்தை மேசையை விட்டு நடந்து வந்தது. நேராக அம்மாவிடம் போய், அந்தப் புது நெற்றியை ஒருமுறை பார்த்துவிட்டு, மடியில் ஏறி உட்கார்ந்தது. பல்லடத்தம்மா இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டு அழுதார். அழும்போதும் நெற்றி சுருங்கவில்லை. தோளுக்கு மேலே குழந்தையின் முகம் என் பக்கம் இருந்தது. கோடுகள் மறையவில்லை. அம்மாவின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, அம்மாவின் முகத்தோடு, அது என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

கெபாசிட்டரை இறக்கினேன். 

அக்கா ஸ்டெரிலைசர் அறையில் காஸ் மடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்வதற்கு முன்பே கேட்டார். “அந்த மொறப்பப் போட்டுட்டாளுங்களா?”

“அக்கா, நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்களா?”

“சொல்லிக்குடுக்கலீங்க. குடுத்துப்போட்டேன். எங்கிட்டச் சும்மா கெடந்தா யாருக்கு என்ன பிரயோசனம்? அங்க அதுக்கு வேல இருக்குது.”

“அவளைக் கேட்டீங்களா?”

அக்கா துணியின் ஓரங்களைச் சேர்த்தார், மடித்தார், அடுக்கின் மேல் வைத்தார்.

“ஒரு படம் எடுங்க அம்மணி” என்றார் பிறகு. “இன்னிக்கு வருமாட்ட இருக்குது.”

எடுத்தேன். கட்டைவிரல் வைத்து, கண்ணை மூடச் சொல்லி, மெதுவாகத் திறக்கச் சொல்லி. அன்று சாயங்காலமே அவர் இரண்டு வாரம் லீவில் ஊருக்குப் போனார். திரும்பி வரவில்லை. கடிதம் போட்டோம். அந்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வந்தது.

என் பட்டியலில் கடைசியாக அவர் கேள்வியை டைப் அடித்துச் சேர்த்தேன். இந்தப் புருவத்தை வைத்து நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்? சம்மதப் படிவத்தின் அடியில், நோயாளி கையெழுத்துப் போடும் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடும் போட்டேன். அது எதற்கு என்று டாக்டர் கேட்டார். வீட்டில் இந்த முகத்தைத் தினமும் பார்க்கிறவர் கையெழுத்து என்றேன். அந்தக் கோட்டை அடித்து நீக்கிவிட்டார். ஆபரேஷன் நோயாளிக்குத்தான் என்றார்.

அந்த ஆறாவது படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கழுவி வந்த அன்று பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. ஐம்பது வயது முகத்தில் ஒரு கோடும் இல்லாத நெற்றி. புருவங்கள் லேசாகத் தூக்கி, உடைந்த கண்ணாடியின் முனையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று ஆசையாகப் பார்க்கிற பார்வை. ஜன்னலோரத்தில் விரலை நீட்டிக்கொண்டு நின்றபோது அந்தக் குழந்தைக்கு இருந்த பார்வை அது. அதற்குப் பிறகு அந்தக் குழந்தையிடம் நான் அதைப் பார்க்கவில்லை.